போதும் என்னும் அளவு

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயி தோட்டத்தை விரிவாக்க நினைக்கும்போது, எவ்வளவு போதும் என்ற அறக்கேள்வியும் எழுகிறது. தேயிலை வாரியம் 10.12 ஹெக்டேர் வரையுள்ள தோட்டத்தைச் சிறு தோட்டமாகக் கொள்கிறது. இங்குள்ள படுகர் சமூகக் குடும்பங்கள் பலவற்றின் நிலம் அதைவிட மிகக் குறைவு. பறித்த பச்சைத் தேயிலை விரைவில் கெடும் என்பதால், தொழிற்சாலை தரும் விலையை ஏற்க வேண்டியிருக்கிறது. வருமானம் குறையும்போது நிலத்தைக் கூட்டும் ஆசை இயல்பு.

திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் தன் வலிமையையும் பொருளின் அளவையும் அறிந்து செயல்படச் சொல்கிறது. சமணம் மிகைப்பொருள் விழையாமையை நோன்பாக வைக்கிறது. இரண்டும் முயற்சிக்கு எல்லை வகுக்கின்றன. குடும்பத்தால் பறித்து முடிக்க இயலாத பரப்பு கூலிச்செலவையும் கடனையும் ஏற்றும். தேயிலைச் செடி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பலன் தருவது. அதை நடுபவர் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்தே முடிவெடுக்கிறார். கவாத்து, மறுநடவு, கூட்டுறவு ஆகியவற்றால் உள்ள நிலத்தின் பயனைப் பெருக்குவதும் வளர்ச்சியே.