யாருக்குப் பிறந்தநாள்?

ஏற்காட்டுக்கு இப்போது மூன்று வகையான மனிதர்கள் வருகிறார்கள். வெயிலுக்குப் பயந்து வருகிறவர்கள் ஒரு வகை. புதிதாகக் கல்யாணமானவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகை அண்மைக் காலத்தில் பெருகியது: குழந்தையின் பிறந்தநாளைக் கொண்டாடுவதற்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு, கேக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலையேறுகிறவர்கள். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பெட்டி சாய்ந்துவிடாமல் நான்கு கைகள் பிடித்துக்கொள்கின்றன. விழாவுக்கு உரிய குழந்தையோ பின்னிருக்கையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறது.

இதைக் கேலி செய்வதற்காக நான் சொல்லவில்லை. பெற்ற குழந்தைக்கு ஒரு நாளைக் கொண்டாடிப் பார்க்க ஆசைப்படுவது குற்றமா? ஆனால் அந்தத் தூங்கும் முகத்தைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. இந்த விழா யாருக்கு?

'குழந்தைக்குத்தான், வேறு யாருக்கு?' என்று பெற்றோர்கள் சொல்வார்கள். மனநூல் அறிஞர்கள் அதற்குக் குறுக்கே நிற்கிறார்கள். வளர்ந்தவர்களிடம் அவர்களுடைய மிகப் பழைய நினைவு எது என்று கேட்டால், பெரும்பாலோருக்கு அது மூன்று அல்லது மூன்றரை வயதுக்கு முன்னால் போவதில்லையாம். குழந்தைப் பருவத்து மறதி என்று ஃப்ராய்டு இதைக் குறிப்பிட்டுக் காரணம் தேடினார். அவர் சொன்ன காரணத்தைப் பின்னால் வந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, மறதியை ஒப்புக்கொள்கிறார்கள். ஆக, ஒரு வயதுக் குழந்தைக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் எடுக்கும் விழா, அந்தக் குழந்தையின் நினைவில் ஒரு சுவடும் இல்லாமல் அழிந்து போகப் போகிறது. எஞ்சுவது கைப்பேசியில் எடுத்த படங்கள். அந்தப் படங்களும் குழந்தை பார்ப்பதற்காகவா எடுக்கப்படுகின்றன?

இந்த இடத்தில் சிலர் சட்டென்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: 'நினைவில் நிற்காத சந்தோஷத்துக்குச் செலவு செய்வது வீண். இது பெரியவர்களின் ஆடம்பரம். குழந்தை ஒரு சாக்கு.' எனக்கு இந்தத் தீர்ப்பில் சம்மதமில்லை. நினைவில் நிற்காதது எல்லாம் வீண் என்றால் தாய்ப்பாலும் வீண், தாலாட்டும் வீண். அவற்றை யார் நினைவு வைத்திருக்கிறோம்?

இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம். பச்சைக் குழந்தைக்கு வலித்தால், 'எப்படியும் மறந்துவிடப் போகிறது, வலிக்கட்டும்' என்று எந்தத் தாயாவது சொல்வாளா? மறந்து போகப் போகிற வலியும் வலிதான். அப்படியானால் மறந்து போகப் போகிற சந்தோஷமும் சந்தோஷம்தானே? ஒரு மாலைப்பொழுது குழந்தை கைகொட்டிச் சிரித்தால், அந்தச் சிரிப்பு அந்த நேரத்தில் முழு உண்மை. நாளைக்கு அதற்குச் சாட்சி இல்லை என்பதால் அது நடக்காததாகிவிடாது.

ஆனால் இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டால் அதன் மறுபக்கத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். விழாவிலே குழந்தை படும் அவதியும் கணக்கில் சேரும். தூங்குகிற குழந்தையை எழுப்பி, கழுத்தை உறுத்தும் ஜரிகைச் சட்டையை மாட்டி, பழகாத முகங்களின் நடுவே நிறுத்தி, முகத்துக்கு நேரே நெருப்பைக் கொளுத்திவைத்து, 'ஊது, ஊது' என்று பத்துப் பேர் கத்தும்போது அது வீறிட்டு அழுகிறதே, அந்த அழுகையை 'குழந்தை என்றால் அழத்தான் அழும்' என்று தள்ளிவிட முடியாது. சிரிப்பு உண்மை என்றால் அழுகையும் உண்மை.

நம் முன்னோர்களும் குழந்தையின் ஆண்டு நிறைவுக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போனவர்கள்தாம். வண்டி கட்டிக்கொண்டு குலதெய்வத்தின் கோயிலுக்குப் போவார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முடி இறக்குவார்கள், காது குத்துவார்கள், பொங்கல் வைப்பார்கள். இந்தச் சேர்வராயன் மலையிலேயே, 5,300 அடிக்கு மேலே உள்ள சேர்வராயன் குகைக் கோயிலில் மே மாதத் திருவிழாவின்போது, மலைவாழ் மக்களான மலையாளிகள் குடும்பம் குடும்பமாக வந்து கூடுகிறார்கள்.

காது குத்தும்போதும் குழந்தை அழத்தான் செய்தது. ஆனால் அங்கே ஒரு நேர்மை இருந்தது. 'இது குழந்தையின் சந்தோஷத்துக்காக' என்று யாரும் சொல்லவில்லை. பிறந்த குழந்தை ஓராண்டு தங்குமா என்பதே சந்தேகமாக இருந்த காலம் அது. தங்கிவிட்டது; அதற்கு நன்றி சொல்லப் போனார்கள். விழா பெரியவர்களுடைய நன்றிக் கடன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குழந்தையை அழ வைத்ததற்குப் பரிகாரமாக வாயில் கொஞ்சம் வெல்லத்தைப் போட்டார்கள்.

நாம் செய்வதும் பெரும்பாலும் பெரியவர்களுக்காகத்தான். அதைக் குழந்தையின் பெயரில் எழுதிவைக்கிறோம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கேக்கும் மெழுகுவர்த்தியும் அயல்நாட்டு வழக்கம் என்று கோபிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பிறந்தநாள் பாட்டின் மெட்டு, அமெரிக்கச் சகோதரிகள் இருவர் பள்ளிக் குழந்தைகளுக்காக 1893-ல் வெளியிட்ட காலை வணக்கப் பாட்டினுடையது. பிறந்தநாள் சொற்களோடு அதைப் பாடுவதற்குப் பல்லாண்டுக் காலம் ஒரு நிறுவனம் உரிமைப் பணம் வாங்கிவந்தது. அந்த உரிமை செல்லாது என்று 2015-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாட்டு எங்கே பிறந்தால் என்ன? ஏற்காட்டின் காப்பிச் செடியும் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னின் காலத்தில் வெளியிலிருந்து வந்து வேர் பிடித்ததுதான். வந்த வழக்கம் தப்பில்லை. அதை வைத்துக்கொண்டு நாம் யாருக்கு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி சேலத்தில் இருக்கிறார்கள். பெண் குழந்தைக்கு மூன்று வயது நிறையப் போகிறது. ஏற்காட்டில் ஒரு விடுதியில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. காரணம் கேட்டேன். கணவர் மறைக்காமல் சொன்னார்: "வீட்ல வெச்சா நூறு பேரைக் கூப்பிடணுங்க. தொண்ணூறு பேரைக் கூப்பிட்டா விட்டுப்போன பத்துப் பேர் கோவிச்சுக்குவாங்க. மலைக்குப் போயிட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

நியாயமான காரணம்தான். இரண்டு அறை வீட்டில் நூறு பேருக்கு இலை போடுவது யாரால் ஆகிற காரியம்? கடன் வாங்கிக் கல்யாண மண்டபம் பிடித்துப் பிறந்தநாள் நடத்துகிறவர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல். ஆனால் அந்த வீட்டில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டியும் இருக்கிறார். மருமகள் தயங்கித் தயங்கி, "அத்தை, ஒரு நாள் நீங்க மட்டும் தனியா இருந்துக்குவீங்களா?" என்று கேட்டாளாம். "எனக்கென்னம்மா! இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நான் எங்க மலையேற? நீங்க பத்திரமாப் போயிட்டு வாங்க. பாப்பாவுக்குக் காதைக் கட்டிக் கூட்டிட்டுப் போங்க, அங்க பனி ஜாஸ்தி" என்று பாட்டி சொன்னாராம்.

அந்தப் பதிலில் கோபம் இல்லை, குறையும் இல்லை. அதனால்தான் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று வருஷமாகக் குழந்தையைக் குளிப்பாட்டியவர் அவர். இரவில் இருமினால் முதலில் எழுந்தவர் அவர். குழந்தைக்கு முன்னால் எத்தனையோ பிறந்தநாட்கள் இருக்கின்றன. பாட்டி பார்க்கக்கூடிய பிறந்தநாட்கள் எத்தனை?

வீட்டை விட்டுப் போவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றை நாடிப் போவது ஒரு விதம். சிலரைத் தவிர்த்துப் போவது இன்னொரு விதம். குலதெய்வத்தை நாடிப் போனவர்கள் ஊரையே அழைத்துக்கொண்டு போனார்கள். நாம் ஊரைத் தவிர்ப்பதற்காகப் போகிறோம். தவிர்க்க வேண்டியவர்கள் சிலர் இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நூறு பேரை விலக்குவதற்குப் போட்ட கோடு, விலக்கக்கூடாத ஒருவரையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நம் கடமை.

இதற்கு நம் வழக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. தமிழ்க் குழந்தைக்குப் பிறந்தநாள் இரண்டு. பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும் தேதி. வீட்டுக்கும் கோயிலுக்கும் பிறந்த மாதத்து நட்சத்திரம். இரண்டும் அநேகமாக ஒரே நாளில் விழுவதில்லை. நட்சத்திரத்தன்று வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பாயசம் வைத்து, பாட்டி கையால் நெற்றியில் திருநீறு பூசட்டும். தேதியன்று மலைக்குப் போகட்டும். இதை அந்தத் தம்பதியிடம் சொன்னேன். மனைவி முகம் மலர்ந்தது. கணவர் செலவைக் கணக்குப் போடத் தொடங்கினார். பாயசத்துக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்!

மலைக்குப் போகிறவர்கள் குழந்தையின் உடம்பையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வளைவுப் பாதையில் குமட்டல் வருவது அபூர்வம்; இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அது அதிகம். ஆகவே ஒரு வயதுக்காரன் சுகமாகத் தூங்குவான். மூன்று வயதுக்காரி புதுப் பாவாடையில் வாந்தி எடுப்பாள். வயிறு நிரம்பக் கொடுக்காமல், காலையிலேயே மெதுவாக ஏறி, புதுத் துணியை மேலே போய் மாற்றுவது உத்தமம். ஏறும்போது காது அடைத்துக்கொண்டு கைக்குழந்தை அழும். பால் கொடுத்தால் விழுங்க விழுங்க அடைப்பு விலகும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. சூரியன் சாய்ந்தபின் ஏரிக்கரையில் விழாவை வைத்தால் படம் அழகாக வரும். குழந்தைக்குச் சளி பிடிக்கும். எதை விரும்புகிறோம்?

1989-ல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தை உரிமைகளுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. தன்னைப் பற்றிய காரியங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று அதில் ஒரு விதி. விளையாடும் உரிமை உண்டு என்று இன்னொரு விதி. அந்தச் சேலத்துச் சிறுமியிடம், "உனக்குப் பிறந்தநாளுக்கு என்ன வேணும்?" என்று அவள் தாய் கேட்டுப் பார்த்தாள். "படகு. அப்புறம் பால் ஐஸ். அப்புறம் பாட்டி" என்றாளாம். விடுதி, அலங்காரம், மூன்றடுக்குக் கேக்கு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. மூன்று வயதில் மனிதர்களுக்குத் தேவை எவ்வளவு குறைவாக இருக்கிறது!

இன்னும் ஒன்று. மலையில் நாம் தனியாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அது மலையாளி மக்களின் ஊர். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் ஊர். வேலிக்கு அப்பால் நின்று அவர்களுடைய குழந்தைகள் பலூன்களைப் பார்க்கின்றன. மிஞ்சிய கேக்கைக் குரங்குக்கு வீசிவிட்டு, தட்டையும் டம்ளரையும் ஓடையில் தள்ளிவிட்டு இறங்கினால், அங்கே அடுத்த நாளும் இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி முதல் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. சட்டத்துக்குப் பயந்தாவது மந்தாரை இலைத் தட்டை எடுத்துப் போகலாம்.

'அப்படியானால் பிறந்தநாளை அநாதை இல்லத்தில் கொண்டாடிவிடுகிறோம்' என்பார்கள் இரக்கமுள்ளவர்கள். கொடுப்பது நல்லது. ஆனால் தாய் தகப்பன் இல்லாத ஐம்பது குழந்தைகளை வரிசையில் உட்கார வைத்து, தாய் தகப்பன் மடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையை வாழ்த்திப் பாடச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. சோற்றுக்காகப் பாட வேண்டியிருப்பது பெரியவர்களுக்கே கொடுமை. அரிசியை முந்திய நாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சாப்பிடும் நேரத்தில் அங்கே இல்லாமலிருப்பதுதான் முழு தானம். வேலிக்கு அப்பால் நிற்கும் குழந்தைக்கும் அப்படித்தான்: கூப்பிட்டால் விருந்தாளியாகக் கூப்பிட வேண்டும், உட்கார வைத்து, நம் குழந்தைக்குக் கொடுக்கும் துண்டைவிடச் சிறியதல்லாத துண்டைக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்தார்கள். தலையை நிமிர்த்தி ஆடுவது ஒரு பருவம். கைகொட்டுவது ஒரு பருவம். தளர்நடை நடந்து வருவது ஒரு பருவம். நிலாவைக் கூப்பிடுவது ஒரு பருவம். குழந்தை செய்த காரியங்களே அங்கே கணக்கு. முதன்முதலாக நடந்த அன்று எந்த வீட்டிலும் அழைப்பிதழ் அச்சடிப்பதில்லை. ஆனால் அன்றைக்குத்தான் குழந்தையும் பெற்றோரும் ஒரே காரணத்துக்காகச் சிரிக்கிறார்கள். பிறந்தநாள் அப்படியல்ல. ஆண்டை எண்ணுகிறவர்கள் நாம். குழந்தைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. நம்முடைய நாள் என்று அதை ஒப்புக்கொண்டு, நம்முடைய நன்றியாக அதைச் செய்தால் எந்த மலையின் மேல் செய்தாலும் பிழையில்லை. குழந்தையிடமிருந்து அன்றைக்கு நாம் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை. தூக்கம் வந்தால் அது தூங்கட்டும்.