குறிமேடையில் கேட்கப்படும் கேள்வி

மலாயாவின் சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டார ரப்பர் தோட்டங்களுக்குப் பால்மரம் சீவ வந்த தமிழர் மாரியம்மனோடும் முனியாண்டியோடும் வந்தார்கள். சாமியாடிக் குறி சொல்வோரும் அவர்களிடையே இருந்தார்கள். படிப்பில்லாதவர்களின் பயம் என்று இதைத் தள்ளிவிடுவது தவறு. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் காட்டிய தாயே குறியும் கேட்பாள். இரண்டும் ஒரே கேள்வி அல்ல. காய்ச்சல் எப்படி வந்தது என்பதற்குக் கொசு போதும். லயத்து வரிசைவீடுகள் நிறையப் பிள்ளைகள் இருக்க, என் பிள்ளைக்கு ஏன் என்பதற்குப் போதாது. ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி 1937இல் மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் எழுதியதும் இதுவே: கறையான் அரித்துக் குதிர் விழுந்ததை அறிந்தவர்கள்தான், இன்னார் அதன் அடியில் உட்கார்ந்த நேரத்தில் ஏன் விழுந்தது என்று கேட்டார்கள். 1943இல் ஜப்பானியரால் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவரின் மனைவி, என் கணவருக்கு ஏன் என்று கேட்டால், மூடத்தனம் என்று யார் சொல்வது?

குறி தரும் பதில் பொய்யாயிற்றே என்பார்கள். உண்மைதான், நம் மரபுக்கே அது தெரியும். தலைவியின் மெலிவுக்கு முருகனே காரணம் என்று அவன் பூசாரியான வேலன் சாமி வந்து வெறியாட, காதலே காரணம் என்று தோழி அறிந்திருப்பதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. வெறிபாடிய காமக்கண்ணியாருக்குப் பெயரே இந்த வெறியாட்டைப் பாடியதால் வந்தது. அங்கே தவறான குறியால் பலியாக ஓர் ஆடு போகும். எதிர்வீட்டுக்காரி செய்வினை வைத்தாள் என்னும் குறியோ ஒரு மனுஷியின் வாழ்வையே அழிக்கும். என் மறுப்பு இங்கேதான். ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவர் விடாமுயற்சியான ஆள்வினையுடைமைக்கும் ஒன்று தந்தார். துயரத்துக்கு ஆள்தேட எதையும் தரவில்லை. கேட்பவரின் துயரம் மெய். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவள் மறுத்துப் பேச அந்தக் குறிமேடையில் இடமே கிடையாது.