வளைந்து வந்த ஒளி பொய்யாகுமா?

கண்ணாற் காண்பதும் பொய் என்னும் பழமொழியை நம்மவர் அடிக்கடி எடுத்தாள்வர். கோணலாய்த் தோன்றுவதைத் தள்ளிவிடுதலே அறிவுடைமை என்று அதற்குப் பொருள் கொள்வோரும் உளர். இக்கருத்து எமக்கு உடன்பாடன்று.

அந்தமான் பழங்குடியினர் ஆழமற்ற கடல்நீரில் வில்லும் அம்பும் கொண்டு மீன் எய்பவர். நீர் ஒளியை முறிப்பதால், மீன் தான் உள்ள இடத்தினும் மேலே தோன்றும். ஆதலின் சற்றுத் தாழ்த்திக் குறிவைத்தல் வேண்டும். காட்சி பொய்யென்று வில்லை வைத்துவிட்டால் உணவு ஏது?

வானிலும் இதனையொத்த செய்தி உண்டு. பெரும் நிறை தன்னருகே செல்லும் ஒளியை வளைக்கும் என்று ஐன்ஸ்டீன் 1915இல் கணித்துரைத்தார். 1919 மே 29ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது எடுத்த படங்கள் அதற்குச் சான்றாயின. இடையே நிற்கும் ஓர் உடுமண்டலமே, அப்பால் உள்ள மற்றொன்றின் ஒளியைக் குவித்துப் பெருக்கிக் காட்டும். துணியின் இழைகளை எண்ண ஆலையில் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்போம். அது மனிதன் செம்மையாகத் தேய்த்தது. வானத்து வில்லையையோ எவரும் தேய்த்துச் செய்யவில்லை. அதனால் உருவம் நீளும், வளையும், இரண்டாய் நான்காய்ப் பிரியும்.

புனேக்கு வடக்கே கோடாட் என்னும் ஊரில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட வானொலித் தொலைநோக்கி உள்ளது. அதனைக்கொண்டு அர்ணப் சக்ரவர்த்தி, நிருபம் ராய் என்னும் இருவர் கண்டதை 2023 ஜனவரியில் வெளியிட்டனர். ஏறத்தாழ 880 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஹைட்ரஜன் வாயுவின் அலை அது. 21 சென்டிமீட்டர் நீளத்தில் புறப்பட்டது, விரியும் வெளியில் 48 சென்டிமீட்டராய் நீண்டிருந்தது. இடைநின்ற மண்டலம் அதனை ஏறத்தாழ முப்பது மடங்கு பெருக்கியிராவிடில் அது நம்மை எட்டியிராது. அலை புறப்பட்ட மண்டலத்தில் விண்மீன்களாய்த் திரண்ட நிறையினும் ஏறத்தாழ இருமடங்கு வாயு இருந்ததென்பதும் இவ்வாறே தெரிந்தது. திரித்துக் காட்டியதே காட்டியும் கொடுத்தது!

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வில்லையின் நிறையைத் தவறாக மதிப்பிட்டால் அப்பாலுள்ள பொருளின் அளவும் தவறிப்போம். கண்ணுக்குப் புலனாகாத நிறையும் அதில் அடங்கும். அதனைக் கணித்து வரைவோருள் கோயம்புத்தூரிற் பிறந்த பிரியம்வதா நடராஜனும் ஒருவர்.

ஒரு தொழிலாளியைப் பற்றி மேஸ்திரி சொல்லும் சொல்லும் இத்தகையதே. அதனை அப்படியே நம்பி ஒருவன் பிழைப்பைக் கெடுத்தல் கொடுமை. முற்றிலும் தள்ளிவிடுதலோ சோம்பல். மேஸ்திரிக்கு அவன்மீது பகையா, அச்சமா, உறவா என்று நிறுத்துப் பார்த்தால் சொல்லின் பின்னுள்ள மனிதன் தெரிவான். கேட்பவனின் விருப்புவெறுப்பும் அந்த நிறுவையில் ஏறவேண்டும். பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வானியலார் 'ஏறத்தாழ' என்னும் சொல்லை விடாது எழுதுவது இதனாலேயே. அந்த வாயு இன்று விண்மீன்களாயிற்றோ, சிதறிற்றோ? அதனைச் சொல்லும் ஒளி இன்னும் இங்கு வந்து சேரவில்லை.