சொல்லியாயிற்று, இனி அவர் பாடா?



நீரிழிவு நோயாளி வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது முன்பெல்லாம் கையில் ஒரு துண்டுப்பிரசுரம் இருக்கும். இன்றோ எதை உண்பது, இன்சுலினை எப்படி ஏற்றுவது என்ற போதனை கைத்தொலைபேசிக்கே படமும் குரலுமாக வந்துவிடுகிறது. நல்லதுதான். வார்டின் அவசரத்தில் தாதி சொன்னதை வீட்டில் பத்துத் தடவை கேட்கலாம். ஆனால், “எல்லாம் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு” என்று பிலாத்துவைப் போல் கை கழுவ நமக்கு நியாயம் உண்டா?

சென்னை வைத்தியர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீரிழிவின் வாசற்படியில் நின்ற 537 ஆண்களுக்கு முதலில் ஆலோசனை வழங்கி, பின்னர் பாதிப்பேருக்கு மட்டும் தொடர்ந்து குறுஞ்செய்திகள் அனுப்பினர். இரண்டாண்டுகளில் செய்தி பெறாதோரில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் கண்டது. பெற்றோரில் 18 பேருக்கு. சிறு செலவில் பெரும் பயன்!

ஆயினும் அந்தப் 18 பேர்? அவர்களுக்கும் அதே செய்திகள்தானே போயின? வாயைக் கட்டாதவர்கள் என்று தீர்ப்பிடுவோமா? பரம்பரைக்கும் இந்நோயில் பங்குண்டு. பிறவிக் குருடனைக் கண்டு யார் செய்த பாவமென்று சீடர் வினவியபோது, ஆண்டவர் அந்தக் கணக்கையே ஏற்கவில்லை. கிறிஸ்மஸ் கேக்கில் ஒரு துண்டெடுத்த மாமியிடம் நாமோ அதையே விசாரிக்கிறோம்.

“சுயபராமரிப்பு” என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. நாட்பட்ட நீரிழிவில் கால் மரத்துப்போகலாம். ஆணி குத்தினாலும் தெரியாது. ஆகவே தினமும் உள்ளங்காலைப் பாருங்கள், வெறுங்காலுடன் நடவாதீர்கள் என்கிறது செய்தி. முழங்கால் மடங்காத, கண் மங்கிய வெள்ளவத்தை அம்மா ஒருவர் தொடர்மாடி வீட்டில் தனியே எப்படிப் பார்ப்பார்? செய்தி வந்த தொலைபேசியோ காலையிலேயே மகனோடு கந்தோருக்குப் போய்விட்டது. கொட்டாஞ்சேனையில் இன்னொருவர் செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செருப்பின்றி நடப்பதாக நேர்ந்திருப்பார். அவருடைய மனச்சாட்சியோடு குறுஞ்செய்தி பேசுமா? தகுந்த காரணமிருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கப் பங்குக்குருவுக்குத் திருச்சபைச் சட்டம் அதிகாரம் தருகிறது என்பதை வீட்டார்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெரிய வியாழனன்று குருவானவர் பாதம் கழுவுவதைப் பக்தியோடு பார்க்கிறோம். இன்றிரவு செபமாலை முடிந்ததும் அம்மாவின் காலை மடியில் வைத்து, விரலிடுக்குகளையும் விடாமல் பாருங்கள். வெளிச்சம் போதாவிட்டால் அந்தக் கைத்தொலைபேசியையே பிடிக்கலாம். கொப்புளமோ வெடிப்போ கண்டால், நாளைக்கே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.