ஓரம் பெயர்ந்த பீரோ



இந்த வாரம் உங்கள் வீட்டில் நிற்கிற ஒரு சாமானைப் பற்றிப் பேசப் போகிறேன். ஞான காரியங்களை விட்டுவிட்டுச் சுவாமியார் தச்சு வேலைக்குப் போய்விட்டாரே என்று எண்ண வேண்டாம். நம் திவ்விய இரட்சகர் ஒரு தச்சருடைய வீட்டிலே வளர்ந்தவர். அந்தத் தச்சராகிய அர்ச். சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராகக் கொண்டாடும் மே மாதம் 1-ந் தேதித் திருநாளை, 12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1955-ம் ஆண்டில் ஏற்படுத்தினார். ஆகையால் உளியும் உப்புத்தாளும் கோவிலுக்கு அந்நியமானவை அல்ல.

நம் பாட்டிமார் காலத்தில் மதுரைச் சீமையில் பெண்ணுக்குச் சீர் கொடுத்தால் தேக்குக் கட்டிலோ, வேங்கைப் பெட்டியோ கொடுப்பார்கள். பிற்பாடு இரும்புப் பீரோ வந்தது. இப்போது அநேக வீடுகளில் நிற்பது பார்ட்டிக்கிள் போர்டு எனப்படும் மரத்தூள் பலகை. மரச் சீவல், இழைப்புத் தூள், சில இடங்களில் கரும்புச் சக்கை ஆகியவற்றோடு பசை கலந்து, சூடேற்றி அழுத்தி, மேலே மரம்போல் அச்சிட்ட தாளை ஒட்டிச் செய்வது. மரத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்த யுத்த காலத்தில், 1941-ல், ஜெர்மனி தேசத்துப் பிரேமன் நகரில் இதற்கென ஆலை ஏற்பட்டது. இதை இழிவான பொருள் என்று தள்ளாதீர்கள். ஐந்து அப்பங்களைக் கொண்டு ஜனங்களைப் போஷித்தபின், மீந்த துணிக்கைகள் வீணாய்ப் போகாதபடி சேர்த்தெடுக்கச் சொன்னாரே ஆண்டவர்! பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன அல்லவா? வீணாய்ப் போகும் தூளைச் சேர்த்துப் பலகையாக்குவதும் அவருக்குப் பிரியமான காரியமே.

ஆனால் அந்தப் பலகைக்கு ஒரு பலவீனம் உண்டு. மேல்தாள் முழுசாய் இருக்கும்வரை அது உறுதியாய் நிற்கும். ஓரம் பெயர்ந்து உள்ளே ஈரம் புகுந்தாலோ, ஊறி உப்பிவிடும். உப்பியது பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது.

இதை நான் ஒரு வீட்டில் கண்ணாரக் கண்டேன். அவர்கள் சம்மதித்ததால் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். மூட்டை தூக்கிப் பிழைக்கும் ஒரு தகப்பன், சீட்டுப் பணம் எடுத்துத் தன் மகளுக்கு இப்படிப்பட்ட பீரோ ஒன்றை வாங்கிக் கொடுத்தார். 2024-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி மதுரையில் பெருமழை கொட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று அந்தச் சந்தில் தண்ணீர் ஏறி, வீட்டுக்குள்ளும் வந்தது. வடிந்தபின் பார்த்தால் பீரோவின் அடிப்பாகம் பணியாரம்போல் உப்பியிருந்தது.

“உங்கப்பன் அட்டையை ஒட்டி அனுப்பியிருக்கான்” என்றாள் மாமியார். அந்த ஒரு வார்த்தை தகப்பன் காதுக்கு எட்டியது. அவர் மகள் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினார். மருமகள் அத்தையோடு பேசுவதை நிறுத்தினாள். அடுப்பு இரண்டாயிற்று. வீடு மந்திரிக்கப் போன நான், இரண்டு அறைகளில் இரண்டு சட்டிச் சோற்றைக் கண்டு மனம் நொந்தேன்.

நம் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “சாமி, இது ஒரு மழையில ஆன கோலம் இல்ல. ஓரத்துப் பட்டை முன்னாடியே பெயர்ந்திருக்கு. தரை கழுவுற தண்ணி தினம் ஏறியிருக்கு. யாரோ மேல படம் ஒட்டி மறைச்சிருக்காங்க” என்றார்.

வீடு நிசப்தமாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மருமகள் அழுதாள். கலியாணமான மூன்றாம் மாதமே துடைப்பக்கட்டை இடித்து ஓரம் பெயர்ந்ததாம். அப்பாவின் பொருளைக் குறை சொல்வார்களே என்று பயந்து, பிள்ளைகள் ஒட்டும் பூப்படத்தை அதன்மேல் ஒட்டிவிட்டாளாம். மாமியாரோ, “நானுந்தான் பார்த்தேன் சாமி. அவ சாமான்தானே, அவ பார்த்துக்கட்டும்னு வாளித் தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தேன்” என்றாள். ஒருத்தி மறைத்தாள், மற்றவள் கண்டும் காணாமல் இருந்தாள். மழை வந்து இரண்டையும் வெளியாக்கியது.

தச்சர் என்ன செய்தார்? பீரோவைக் கிடத்தி, ஊறிப்போன 2 அங்குலத்தை இரக்கமில்லாமல் அறுத்துத் தள்ளினார். அதே 2 அங்குல உயரத்துக்கு வேப்பங்கட்டையில் அடிச்சட்டம் கட்டி, அதன்மேல் நிறுத்தினார். இன்றைக்கும் அந்தப் பீரோ நிற்கிறது. பழுது சின்னதாய் இருந்தபோதே பார்த்திருந்தால், அறுக்க வேண்டிய அவசியமே வந்திராது.

ஆகையால் அந்தச் சின்னப் பழுதைத் தீர்க்கும் முறையை அவரிடம் கேட்டு, உங்களுக்காக எழுதுகிறேன்.

மேல்தாளில் கீறல் மாத்திரம் விழுந்திருந்தால், உலர்ந்த துணியால் துடைத்து, அதே நிறத்து மெழுகுக் கட்டியைக் கீறலுக்குக் குறுக்காகத் தேயுங்கள். பிள்ளைகளின் மெழுகு வர்ணக் குச்சியும் உதவும். மிஞ்சினதைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, துணியால் மெருகிடுங்கள். அச்சிட்ட தாளின்மேல் உப்புத்தாள் போடவே கூடாது, படம் உரிந்துவிடும்.

ஓரம் பெயர்ந்திருந்தால், முதலில் உதிரும் தூளையெல்லாம் கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். ஈரம் இருந்தால் மின்விசிறிக் காற்றில் நன்றாய் உலரும்வரை பொறுத்திருங்கள். வெள்ளைப் பசையில் சொற்பத் தண்ணீர் விட்டு, உடைந்த இடத்தில் தூரிகையால் தடவி, ஒரு நாள் காயவிட்டால் உள்ளே இருக்கிற தூள் கெட்டிப்படும். பிறகு எம்-சீல் போன்ற, இரண்டு பாகம் கலந்து பிசைகிற பசைமாவை எடுத்து, பள்ளத்தில் சற்று மேடாக அழுத்தி நிரப்புங்கள். ஓரம் நேராக இருக்கும்படி, பிளாஸ்டிக் தாள் சுற்றிய சட்டம் ஒன்றைப் பக்கத்தில் அணைத்து வையுங்கள். மறுநாள் நிரப்பின இடத்தை மாத்திரம் 120 நம்பர் உப்புத்தாளாலும், அப்புறம் 220 நம்பர் தாளாலும் தேய்த்து, வர்ணம் தீட்டி, புதிய ஓரப்பட்டையை ஒட்டுங்கள். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கடைசியாக, தரைத் தண்ணீர் எட்டாதபடி அடியில் புஷ் வையுங்கள்.

இதில் எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று என்று தச்சர் சொன்னார். உதிர்ந்த தூளை எடுக்காமலும், ஈரத்தை உலர்த்தாமலும், அவசரமாய் மேலே மாவைப் பூசிவிடுகிறார்கள். பார்வைக்கு அழகாய் இருக்கும். ஒரு மாதத்தில் கட்டியாய்க் கழன்று விழும்.

பிரியமானவர்களே, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருகிற எனக்கு அவர் சொன்னது நன்றாய்ப் புரிந்தது. அற்பப் பாவந்தானே என்று ஆத்தும சோதனை செய்யாமல் விடுகிறோம். சிலர் பாவத்தைச் சொல்லும்போதே அதன்மேல் ஒரு பூப்படத்தை ஒட்டிச் சொல்லுகிறார்கள். “கோபப்பட்டேன் சாமி, ஆனால் அவதான் மூட்டிவிட்டா” என்கிறார்கள். மெய்யான மனஸ்தாபம் என்பது உதிர்ந்ததைச் சுரண்டி எடுப்பது. அது கொஞ்சம் நோகும். இனிச் செய்வதில்லை என்கிற பிரதிக்கினை அடியில் வைக்கிற புஷ். அது இல்லாவிட்டால் நாளைக்கும் அதே தண்ணீர் ஏறும்.

குடும்பச் சண்டையும் அப்படியே. பேச்சை விட்டு ஒரு நாள் ஆனபோதே, “அத்தை, நான் பேசினது தப்பு” என்று சொன்னால் மெழுகு தேய்த்த கீறல்போல் மறைந்துபோம். ஒரு வருஷம் விட்டுவைத்தாலோ, சர்வேசுரனுடைய இஷ்டப்பிரசாதத்தால் அதுவும் சீராகும், ஆனால் அறுக்க வேண்டியது அதிகம். கொண்டுவந்த சீரைக் கொண்டு மருமகளை அளக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பீரோவைக் கொடுத்தது ஒரு ஏழைத் தகப்பனின் முதுகு. அதைப் பழிக்கிறவர்கள் அந்த முதுகின்மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறார்கள்.

பழுதான சாமானைப் போகி நெருப்பில் போடவும் வேண்டாம். அந்தப் பலகையின் பசையில் இருக்கிற பார்மால்டிஹைடு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வஸ்து என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் தீர்மானித்தது. அந்தப் புகை உங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். எதையும் உபயோகித்து எறிந்துவிடுகிற பழக்கத்தைப் பிரான்சிஸ் பாப்பானவரும் 2015-ல் தம் சுற்றுமடலிலே கண்டித்திருக்கிறார்.

அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வேப்பஞ்சட்டம் கட்டி முடித்த அன்று சாயங்காலம், மாமியாரே சம்பந்தி வீட்டுக்கு நடந்து போய், “அண்ணே, நான் சொன்ன வார்த்தையை மறந்திருங்க. வீட்டுக்கு வாங்க” என்று அழைத்து வந்தாள். அன்று ராத்திரி ஒரே அடுப்பில் உலை கொதித்தது.

அடைமழை வருமுன் இந்த வாரமே ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு, உங்கள் மேசை, கட்டில், பீரோ இவைகளின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். பார்த்து முடித்தபின் அதே விளக்கோடு, வீட்டில் யாரோடு யார் பேசவில்லை என்றும் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உங்களுக்காகக் காத்திருப்பேன். நசரேத்தூர்த் தச்சராகிய அர்ச். சூசையப்பர் உங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்வாராக.

ஆமென்.

இப்படிக்கு,
உங்கள் பங்குக் குரு