கைப்பக்குவமும் ஐக்கியமும்

தமிழில் ‘கைப்பக்குவம்’ என்று அருமையான சொல் ஒன்று உண்டு. ஏட்டில் எழுதிக் காட்ட இயலாத அறிவை அது குறிக்கும். பாகு எந்த நொடியில் பதம் கொள்கிறது, மாவு எவ்வளவு நீரை வேண்டுகிறது, தையலில் நூல் எங்கே தளர வேண்டும், எங்கே இறுக வேண்டும் என்பவற்றைக் கண்ணும் விரலும் அறியும், வாய் அறியாது. உயிர் முதிர்ந்து இறைவனை நாடும் நிலையையும் நம் முன்னோர் ‘பக்குவம்’ என்றே வழங்கினர். ‘ஐக்கியம்’ என்ற சொல்லும் இத்தகையதே. சைவ நூல்களில் அது இறையோடு ஒன்றுதலைக் குறிக்கும். தமிழ்த் திருச்சபைகளில் மக்கள் ஒருவரோடு ஒருவர் பங்குபெற்று வாழும் உறவையும் குறிக்கும். பெண்கள் கூடும் கூட்டத்திற்கே அங்கே ‘பெண்கள் ஐக்கியம்’ என்றுதான் பெயர்.

இவ்விரு சொற்களும் ஒன்றையொன்று வாழவைப்பனவா, பகைப்பனவா? இல்லத்தைப் பேணும் திறன் பெண்களை ஒன்றுசேர்க்கிறதா, அன்றி உயர்ந்தவள் தாழ்ந்தவள் எனப் பிரிக்கிறதா? இவ்வினாவை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. மும்பை மாநகரில் ஒரு தமிழ்த் திருச்சபையின் பெண்கள் ஐக்கியத்தில் பல்லாண்டுகள் செயலாளராக இருந்தபோது, என் சொந்தக் குற்றத்தின் வழியாகப் பெற்றேன்.

ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு இவ்வினாவின் கனம் தெரியும். குமரி மாவட்டத்தில் முந்திரிக்கொத்துச் செய்யக் கற்கும் பெண்ணுக்கு ஆசிரியர்கள் பலர் உண்டு. சிறுபயற்றை எவ்வளவு வறுக்க வேண்டும் என்று பாட்டி சொல்வாள். வெல்லப் பாகின் பதத்தைத் தாய் காட்டுவாள். உருண்டைகளை மூன்று மூன்றாய் மாவில் தோய்த்து எண்ணெயில் இடுவதை மாமியார் கற்றுத் தருவாள். நகரத்து ஒற்றை அறைக் குடியிருப்பிலோ புதுமணப் பெண் தனித்து நிற்கிறாள். உரல் இடித்தால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவர். கேட்பதற்கு அருகில் எவருமில்லை. அந்தத் தனிமையில் பெண்கள் ஐக்கியம் அவளுக்குத் தாய்வீடாகிறது. எங்கள் கூட்டத்திலும் வேத வாசிப்பும் ஜெபமும் முடிந்தபின் தையலும் பின்னலும் நடக்கும்; பேறுகால மருந்து அரைக்கும் முறையும், அரிசியைப் புழு அண்டாமல் காக்கும் வழியும் கைமாறும். இதனால் பிழைத்த குடும்பங்கள் பல என்பதை நான் அறிவேன்.

ஆயினும் ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் பலகாரப் போட்டி நடத்துவது எங்கள் வழக்கம். அவ்வாண்டு நடுவர் மூவரில் நானும் ஒருத்தி. மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றிய இளம்பெண் ஒருத்தி, நெல்லைச் சீமையிலிருந்து மணமாகி வந்தவள், ஒரு தட்டில் முறுக்குக் கொண்டுவந்து வைத்தாள். மூத்த பெண் ஒருவர் அதை எடுத்துப் பார்த்து, “ஏம்மா, இது கடை முறுக்குத்தானே?” என்றார். “ஆமாம் அக்கா, ராத்திரி டியூட்டி. செய்ய நேரமில்லை” என்றாள் அவள். “படித்த பிள்ளைகள் அடுப்புப் பக்கம் எங்கே வரப்போகிறார்கள்!” என்று எவரோ சொல்ல, அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுவாரம் அவள் கூட்டத்திற்கு வரவில்லை. அதன்பின் ஓராண்டு வரவேயில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒவ்வொரு வாரமும் கோடிட்டவள் நான்தான். கோடிட்டேனேயன்றி ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டேனில்லை.

இத்தகைய நிகழ்ச்சியைக் கேட்டவுடன் அறிஞர் சிலர், இல்லத் திறன்கள் அனைத்துமே பெண்ணுக்குப் பூட்டிய விலங்கு என்பர். வேறு சிலரோ அவையே பெண்மையின் அணிகலன் என்றும், அவற்றை இழந்தவள் அனைத்தையும் இழந்தவள் என்றும் உரைப்பர். இருசாராரும் திறனைப் பற்றியே பேசுகின்றனர். திறனைக் கொண்டு நாம் செய்வதென்ன என்பதை இருவரும் கேட்பதில்லை. ஊசி துணியையும் தைக்கும்; விரலையும் குத்தும்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் மார்த்தாள், மரியாள் வரலாற்றைப் பலரும் அறிவர். இயேசுவை வீட்டில் ஏற்ற மார்த்தாள் பற்பல வேலைகளால் தவித்தாள். தங்கை மரியாளோ அவர் பாதத்தருகே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மார்த்தாள் முறையிட்டாள், மெல்லிய கடிதலைப் பெற்றாள். சமையலைவிடப் போதனை கேட்பதே மேலானது என்று இதற்குப் பொருள் சொல்லிச் செல்வோர் உளர். ஆனால் அவள் வேலை செய்தபோது எவரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அடுப்படியிலிருந்து திரும்பித் தங்கையைத் தன் உழைப்பால் அளக்கத் தொடங்கியபோதுதான் அச்சொல் பிறந்தது. யோவானின் சுவிசேஷம் பெத்தானியாவில் நடந்த மற்றொரு விருந்தையும் கூறுகிறது. அங்கும் மார்த்தாள் பணிவிடை செய்கிறாள். இம்முறை முறையீடுமில்லை, கடிதலுமில்லை. வேலை மாறவில்லை, பக்கத்தில் இருப்பவளை அளக்கும் கண் மட்டுமே மறைந்துவிட்டது என்று நான் எண்ணுகிறேன்.

அதே பெயர் கொண்ட மற்றொரு பெண்ணை நாஞ்சில் நாட்டு மக்கள் மறப்பதற்கில்லை. 1820-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நாகர்கோயிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் நுண்தொழில் அது. அவர் மகள் எலிசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அத்தொழிலும் உடன் சென்றது. 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திற்காகக் கால்டுவெல்லைத் தமிழ்ச் சங்கங்கள் போற்றுகின்றன. அவர் இல்லத்துத் தாழ்வாரத்தில் பின்னல் கற்ற பெண்களையும் நாம் நினைக்க வேண்டாவா?

அக்காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855-இல்தான் அது அரசாணையால் முற்றும் ஒழிந்தது. நாகர்கோயிலில் லேஸ் பின்னிய கூலியைக் கொண்டே தம்மை அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தனர். மேலாடை அணியும் உரிமைக்கான போராட்டமும் அம்மண்ணில் அக்காலத்தில்தான் நடந்தது. 1859-இல் நாடார் பெண்கள் தம் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசு இசைந்தது. ஆயினும் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற தடையையும் உடன் சேர்த்தது. குப்பாயம் தைக்கக் கற்ற ஊசி அந்நாளில் எத்துணைப் பெரிய ஆயுதமாயிருந்தது! இல்லத் திறனைச் சிறியதென இகழ்வோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். அதை அணிகலன் என்போரும் எண்ணிப் பார்க்கட்டும். அப்பெண்கள் ஊசியை ஏந்தியது எவளும் எவளையும்விடச் சிறந்தவள் என்று காட்டுவதற்கன்று. எவளும் தலைகுனியாமல் தெருவில் நடப்பதற்கே.

இனி என் கதைக்குத் திரும்புகிறேன். மறு ஆண்டு என் கணவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். ஐக்கியத்துப் பெண்கள் முறைவைத்து உணவு கொண்டுவந்தனர். மூன்று வாரங்கள் என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லேன். ஆனால் அவர் முதுகின் தோல் சிவந்து வந்தது. அது என்னவென்று எனக்கும் தெரியவில்லை, அடுக்குப் பாத்திரங்களோடு வந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளுக்காக வாசித்த பட்டியலில் அவர் பெயரைக் கேட்ட அச்செவிலிப் பெண், இரவுப் பணி முடிந்த காலையில் உறங்கப் போகாமல் நேரே என் வீட்டிற்கு வந்தாள். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்றாள். விரிப்பில் சுருக்கம் இருந்தால் அதுவும் தோலை அறுக்கும் என்றாள். நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றும் விதத்தைச் செய்து காட்டினாள். நான் குரல் தழுதழுக்க மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். “முதலில் அந்தப் பக்கத்து விரிப்பைப் பிடியுங்கள் அக்கா” என்றாள்.

அடுத்த வாரம் எங்கள் ஐக்கியத்துப் பெண்கள் நால்வர் என் கணவரின் கட்டிலைச் சுற்றி நின்று அவளிடம் கற்றனர். கடை முறுக்கா என்று கேட்ட அந்த மூத்த பெண்ணும் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். என் கணவர் மேலும் ஈராண்டு வாழ்ந்தார். அவர் முதுகில் புண் வந்ததில்லை.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. இல்லத்தைப் பேணும் திறன் என்று நாங்கள் வகுத்திருந்த எல்லை மிகக் குறுகியது. பலகாரம் அதற்குள் இருந்தது. படுத்தவரைத் திருப்புவது இல்லை. தனக்குத் தெரிந்ததை மட்டுமே திறன் என்று எண்ணுகிறவள் எவ்வளவு கொடுத்தாலும் பிறரிடமிருந்து எதையும் பெறமாட்டாள். கொடுப்பது எளிது, அதில் உயரம் இருக்கிறது. நேற்று நாம் நகைத்தவளின் முன் மாணவியாய் நிற்பது அரிது. ஆதித் திருச்சபையின் கூட்டுவாழ்வைச் சொல்லுமிடத்தில் தமிழ் வேதாகமம் ‘அந்நியோந்நியம்’ என்ற சொல்லை ஆள்கிறது. ஒருவர்க்கொருவர் என்பதே அதன் பொருள். ஒரே திசையில் ஓடுவதை அச்சொல்லால் குறிக்க இயலுமோ?

யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது நடந்ததையும் இங்கே நினைக்கலாம். விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் அவள் உயிரோடிருந்த நாளில் தமக்குச் செய்து தந்த உடைகளைக் காட்டினர் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் கூறுகிறது. அவள் தையல் நேர்த்தியானதா என்று அங்கே எவரும் ஆராயவில்லை. அவை எவர் உடலை மூடின என்பதே சான்றாயிற்று.

இவ்வளவும் பெண்களுக்கு மட்டுமே உரிய பாடம் என்று ஆடவர் எண்ணிவிடலாகாது. நம் ஊர் அசன விழாக்களில் பெரிய அண்டாவின் அருகே கரண்டியோடு நிற்பவர் பெரும்பாலும் ஆடவரே. ஊரறியப் புகழ் தரும் அடுப்பு அவர்களிடமும், நாள்தோறும் எரியும் அடுப்பு பெண்களிடமும் இருப்பது ஏன் என்பதைத் திருச்சபைகளும் சங்கங்களும் எண்ணிப்பார்க்கக் கடன்பட்டவை. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறத்தின் அறமாகவே வகுத்தார். அது மனைவி ஒருத்தியின் கடமை என்று ஒதுக்கினாரில்லை. என் கணவரை இரவில் திருப்பிவிடும் வேலையை விரைவில் என் மகன் ஏற்றுக்கொண்டான். அவன் கைகளும் அந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொண்டன.

எங்கள் பலகாரப் போட்டி உடனே நின்றுவிடவில்லை. பழக்கங்கள் எளிதில் சாவதில்லை. ஆனால் மாதம் ஒருநாள் நோயாளியைப் பேணும் பயிற்சி தொடங்கியது. செவிலிப் பெண் கற்பித்தாள். அவளும் எங்களிடம் முந்திரிக்கொத்துக் கற்க வந்தாள். பாகின் பதம் மட்டும் அவளுக்குக் கடைசிவரை கைவரவில்லை. அதற்காக எவரும் சிரித்ததில்லை என்று சொன்னால் பொய்யாகும். அவளும் சேர்ந்து சிரித்தாள் என்பதே வேறுபாடு.

மிசோரம் மாநிலத் திருச்சபைகளில் 1910 முதல் ஒரு வழக்கம் நிலவுகிறது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். பின்னர் அதைத் திரட்டித் திருச்சபையின் பணிக்குத் தருவர். தமிழ்நாட்டில் காஞ்சிப் பெரியவர் வகுத்த பிடி அரிசித் திட்டமும் இதனை ஒத்ததே. பிடி என்பதும் ஓர் அளவுதான். ஆனால் ஊருக்கெல்லாம் பொதுவான படி அங்கே இல்லை. எடுப்பவளின் கையே அளவாகிறது. சிறிய கை சிறிது எடுக்கும்; பெரிய கை பெரிதாய் எடுக்கும். பானையில் விழுந்தபின் எது எவள் தந்தது என்று பிரித்தறிய முடியாது.

அயலூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் சங்கத்திலோ சபையிலோ கோயிலிலோ பெண்கள் கூடுமிடத்தில், இவ்வாண்டு வராமற்போனவர் யார் என்று பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். கோடிட்ட பெயருக்கு நேரே ஒரு வீட்டு முகவரி இருக்கும். அங்கே கற்பிப்பதற்காகச் செல்லாதீர்கள், கற்பதற்காகச் செல்லுங்கள்.