கடத்துவதும் காப்பதும்

திருமுதுகுன்றம் எனப் பழம்பெயர் கொண்ட விருத்தாசலத்தே பீங்கான் தொழில் சிறந்து விளங்குதலை அன்பர்கள் அறிவர். பீங்கானாற் செய்யும் பொருள்களுள் மின்சாரப் பியூஸ் கட்டையும் ஒன்று. அதனுள் மின்னைக் கடத்துவது கம்பியே. பீங்கான் சிறிதும் கடத்தாது. எனினும் பீங்கானின்றேல் மின் வழிதவறும், தொட்டவனுக்கும் ஏதமாம். இவ்விரண்டனுள் தொழில் செய்வது யாது? இவ்வினாவை உடம்பினுள்ளும் வைத்து ஆராய்வாம்.

சூளையினின்றும் எடுத்த கலத்தை அறியாது தொட்டவன் கையை வெடுக்கென வாங்குகின்றான். அச்செய்தியைக் கொணர்வது நரம்பணு. ஓய்ந்திருக்குங்கால் அதன் உட்புறம், வெளிப்புறத்தினும் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் 70 பங்களவு தாழ்ந்த மின்னிலையில் நிற்கும். தூண்டியவழிச் சோடிய அயனிகள் உட்புக, அந்நிலை மாறும். அம்மாற்றம் இழைவழியே பரவுதலே செய்தியாம். துணையுயிரணுக்கள் அவ்விழையைப் பன்முறை சுற்றி, மயலின் என்னும் கொழுப்புறையாகின்றன. உறை இடையறும் இடங்களிலேயே அம்மாற்றம் புதிதாய் எழுதலின், செய்தி தாவித் தாவி விரையும். தடித்த உறையுடைய இழைகளில் அது விநாடிக்கு 120 மீட்டர்வரை செல்லும். உறையற்ற மெல்லிழைகளில் ஏறத்தாழ 1 மீட்டரே செல்லும். சுட்டவுடன் தோன்றும் கூரிய நோவு மெல்லுறையுடைய இழைவழியும், பின்னர் நின்றெரியும் நோவு உறையற்ற இழைவழியும் வருவன.

ஆயின் பீங்கான் ஒருபுடை உவமையே. 1856-இல் விர்ச்சோ என்னும் ஜெர்மானிய அறிஞர், நரம்பணுக்களைச் சூழ்ந்ததனைப் பசையெனக் கருதி அதற்கேற்பப் பெயரிட்டார். அது வெறும் பசையன்றென்பது பின்னர்த் தெளிவாயிற்று. துணையுயிரணுக்கள் இழைக்கு உணவூட்டும். நரம்பணுக்கள் கூடுமிடத்துச் சிந்திய இரசாயனத்தையும் அகற்றும்.

அவை கெட்டவழி நிகழ்வது யாது? தொழுநோய்க் கிருமி குடிபுகுவது, கைகால் நரம்புகளைக் காக்கும் ஷ்வான் உயிரணுக்களிலே. காவல் கெட நரம்பு கெடும். நரம்பு கெட நோவு தோன்றாது. நோவறியாதான் கை சுடுகலத்தையும் விடாது பற்றிப் புண்படும். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் மருத்துவர், அந்நோயாளர் விரல் குறைதற்குப் பெருங்காரணம் உணர்விழந்த உறுப்பிற்படும் காயங்களே எனக் காட்டினார். அவர்களை யாம் யாது செய்தோம்? 'பாவத்தின் பயன்' என்றுரைத்து ஊர்ப்புறத்தே ஒதுக்கினோம். கூட்டு மருந்தால் நோய் தீர்ந்த பின்னும் அவ்வொதுக்கல் முற்றும் தீர்ந்திலது. வினைக்கொள்கை தன்னைத் திருத்தற்கு உரியதன்றிப் பிறரை இகழ்தற்கு உரியதன்று. பிறர் நோவுக்கு உணர்விழந்து நின்றவர் யாமே.

விருத்தாசலத்திற்கு அணித்தாகிய பெண்ணாகடத்தே தோன்றிய மெய்கண்டார் மரபு, உடம்பைக் கருவியென்றும் அறிவானை வேறென்றும் கூறும். நரம்புநூல் அதனை நாட்டியதுமன்று, மறுத்ததுமன்று. ஆயினும் கருவிகளுள் எதுவும் தனித்து நின்று 'யான் செய்தேன்' எனற்கு உரியதன்றென்பதை அது தெளிவிக்கின்றது. கம்பியைப் புகழ்வோர் பீங்கானையும், அப்பீங்கானைச் சூளையிலிட்ட கையையும் மறவாதிருத்தல் அறமாம்.